வாத்துக்கு வழி விடவும்

அக்டோபர் 8

மன்னித்துக்கொள் மகி, இவ்வளவு நேரம் கழித்துத்தான் எழுத உட்கார முடிந்தது. முகையைத் தூங்கவைக்கப் போய் நான் முதலில் தூங்கிவிட்டேன். அவள்தான் என் மூக்குக்குள் விரலை விட்டு எழுப்பினாள். இப்போது அவள் தூங்குகிறாள், தெரு தூங்குகிறது. ஏரித் தவளைகள் மட்டும் பொதுக்குழு நடத்திக்கொண்டிருக்கின்றன.

கப்பல் ஏறும்போது நீ சொன்னதை மறக்கவில்லை. "வீட்டை விக்கணும்னா வித்துடலாம். ஆனா ஒரு மழைக்காலம் முழுசா அங்க இருந்து பாரு. நடக்கிறதை எல்லாம் எழுதி வை. நான் கரை சேர்றப்ப மொத்தமா அனுப்பு, படிச்சிட்டுச் சொல்றேன்." ஒப்பந்தப்படி ஆரம்பித்துவிட்டேன். ஆனால் என் முடிவு மாறாது. நான் புள்ளியியல் படித்தவள். நடக்கப் பழகும் குழந்தை, மூன்று வீடு தள்ளி ஏரி. இதில் கணக்குப் போட்டுப் பார்க்க எதுவும் இல்லை.

வீடு பார்க்க வந்த அன்று நீ ஏரியைப் பார்த்தாய். நான் தெரு முடிகிற இடத்தைப் பார்த்தேன். தெரு முடிந்துவிட்டது என்று சொல்ல அங்கே ஒரு கல்கூட இல்லை. தார், அப்புறம் புல், அப்புறம் சரிவு, அப்புறம் தண்ணீர். யாரும் யாரையும் "எங்க போற?" என்று கேட்பதில்லை.

வரும் ஞாயிறு நலச்சங்கக் கூட்டமாம். போய் நன்றாகக் கேட்டுவிட்டு வரப்போகிறேன்.

அக்டோபர் 12

கேட்டேன். மாட்டிக்கொண்டேன்.

கூட்டம் சங்கத் தலைவர் ஜெகதீசன் சார் வீட்டு மாடியில். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் மாடியில் கையில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டுதான் பேசுகிறார். தினமும் காலையில் ஏரிக்குள் நிற்கும் அளவுக் கல்லைப் படம் எடுத்து, மேலே ஒரு ரோஜாவை ஒட்டி, வாட்ஸப் குழுவில் 'இனிய காலை வணக்கம். நீர்மட்டம் திருப்தி' என்று போடுபவரும் இவர்தான்.

நான் எழுந்து, மூச்சு விடாமல், "நம்ம ரெண்டாவது குறுக்குத் தெரு நேரா ஏரிக்குள்ள போய் முடியுது சார். சின்னப் பிள்ளைங்க இருக்கிற தெரு. அங்க ஒரு தடுப்பு வேணும்" என்றேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். நம் பேச்சுக்கு இவ்வளவு ஆதரவா என்று பூரித்துப்போனேன். பிறகுதான் பக்கத்து வீட்டு ஹெப்சிபா ஆன்ட்டி என் காதுக்குள் சொன்னார்: "மக்ளே, இங்க ஒரு சட்டம் உண்டு கேட்டியா? எவன் குறை சொல்லுகானோ அவந்தான் அதுக்குப் பொறுப்பு. அதுனாலதான் நான் வாயே தொறக்கது இல்ல."

ஜெகதீசன் சார் ஒலிபெருக்கியில் அறிவித்தார். "ஏரிக்கரைப் பொறுப்பாளராக அம்மா நித்திலா ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்!"

ஒரு மஞ்சள் மழைக்கோட்டும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். கோட்டு முழங்காலைத் தாண்டிக் கணுக்கால் வரை வருகிறது. விசிலுக்கு ஒரு விதிமுறை இருக்கிறது: ஒரு ஊதல் என்றால் கவனி, இரண்டு என்றால் வா, மூன்று என்றால் பாம்பு. வீட்டை விற்கப் போகிறவளிடம் இதெல்லாம் எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அதற்கும் என்னையே பொறுப்பாளர் ஆக்கிவிடுவார்களோ என்று பயம்.

அக்டோபர் 13

முகைக்குச் சளி. விசில் அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எனக்குத்தான் தலைவலி.

அக்டோபர் 16

தடுப்பு என்று நான் சொன்னது சுவர் ஆகிவிட்டது. கடைசி வீட்டு ஷாகுல் வரைபடத்தோடு வந்தார். மெட்ரோ சுரங்க வேலையில் இருக்கும் சிவில் இன்ஜினியர். "சிஸ்டர், கம்பி வேலி எல்லாம் துரு பிடிச்சிரும். இடுப்பு உயரத்துக்குச் சுவர் போட்டுரலாம். நான் போடற சுவர் நூறு வருஷம் நிக்கும்." எனக்கு இரண்டே வருடம் போதும், அதற்குள் முகைக்குப் புத்தி வந்துவிடும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சுவர் விஷயத்தில் அவருக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது.

ஒரே எதிர்ப்பு ஹெப்சிபா ஆன்ட்டியிடமிருந்து. நாகர்கோவில் பக்கம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். இப்போது வாத்து வளர்க்கிறார், அவற்றையும் வரிசையில்தான் நடக்க வைக்கிறார். காலையில் அந்த வாத்துகள் தெருவழியாக ஏரிக்குப் போகும், மாலையில் தானாகவே திரும்பிவரும்.

"சுவரு வச்சா எனக்க வாத்து எப்படி மக்ளே போவும்?"

"வேற வழியா கூட்டிட்டுப் போங்க ஆன்ட்டி."

"மெயின் ரோட்டு வழியாவா? பஸ்ஸு வருமே!"

"என் பிள்ளை விழுந்துட்டா?"

அவர் முகையைப் பார்த்தார். முகை அவருடைய வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "செரி, வச்சுக்கோ" என்று உள்ளே போய்விட்டார். கதவை ஓங்கிச் சாத்தவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

அக்டோபர் 19

சுவர் எழுந்துவிட்டது! சங்கத்து ஆட்களே சேர்ந்து கட்டினார்கள். வங்கி மேலாளர் கலவை குழைத்தார். ஒரு பல் மருத்துவர் செங்கல்லை எடுத்து எடுத்துத் தட்டிப் பார்த்தார், பழக்கதோஷம். என் பங்கு எலுமிச்சை சாதம். முகையின் உள்ளங்கையை ஈர சிமெண்டில் பதித்தோம். நேற்று இரவு முதல் தடவையாக வாசல் கதவின் மேல்தாழ்ப்பாளை இரண்டாம் முறை போய்ப் பார்க்காமல் படுத்தேன். (ஒரு முறை பார்த்தேன்.)

அக்டோபர் 20

ஹெப்சிபா ஆன்ட்டி மெயின் ரோட்டில் பேருந்தை நிறுத்தி வாத்துகளைச் சாலை கடக்கவைத்தார். அவரிடமும் ஒரு விசில் இருக்கிறது. அது சங்கத்து விசிலைவிடச் சத்தம் அதிகம். ஓட்டுநர் இறங்கி வந்து வாத்துகளோடு படம் எடுத்துக்கொண்டாராம். ஆனால் ஆன்ட்டிக்கு முழங்கால் வலி. மாலையில் என்னைப் பார்த்ததும் நேராக நடந்து காட்டினார்.

அக்டோபர் 25

தரகர் அழைத்தார். கோயமுத்தூர்க்காரர் ஒருவர் ஏரிப் பக்கம் வீடு தேடுகிறாராம். அடுத்த மாதக் கடைசியில் வந்து பார்ப்பாராம். நல்ல செய்தி மகி. உனக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இன்று வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 29

மழை பிடித்துக்கொண்டது. மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு கரையைச் சுற்றிப் பார்த்தேன். கோட்டு பெரியதாக இருப்பதில் ஒரு வசதி, முகையும் உள்ளேயே அடங்கிவிட்டாள். பொத்தான் இடைவெளி வழியாக அவள் முகம் மட்டும் தெரிந்தது. ஜெகதீசன் சார் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியில், "பொறுப்பாளர் கங்காரு போல இருக்கிறார்" என்றார். ஏரிக்கு அக்கரை வரை கேட்டிருக்கும்.

நீர்மட்டம் திருப்தி. குழுவில் காலைப் படம் போடுவதும் இப்போது பொறுப்பாளர் வேலையாம்; ரோஜா ஒட்டுவதற்குப் பதிலாக நான் ஒரு குடைப் படம் ஒட்டினேன். குழுவில் அதற்கு ஒரு விவாதமே நடந்தது.

நவம்பர் 3

மின்சாரம் இப்போதுதான் வந்தது. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

நேற்று முழுவதும் கொட்டிய மழை இன்று காலை தூறலாக மாறியது. வாசலைத் திறந்தால் தெருவில் தண்ணீர் முழங்கால் அளவு. நம் படியில் கடைசிப் படி மட்டும் மிச்சம். ஹெப்சிபா ஆன்ட்டியின் முன்கூடத்துக்குள் தண்ணீர் போய்விட்டது.

சங்கமே தெருவில் இறங்கி நின்றது. "ஏரி உள்ளே வருகிறது! சுவரைப் பலப்படுத்தவும்!" என்று ஜெகதீசன் சார் ஒலிபெருக்கியில் முழங்கினார். எல்லாரும் மணல் மூட்டை தூக்கிக்கொண்டு போய், குனிந்த தலை நிமிராமல் சுவர் அடியில் அடுக்கினார்கள். ஷாகுல் சுவரைத் தட்டிக் கொடுத்து, "ஒரு விரிசல் இல்ல, பாத்தீங்களா!" என்றார். தண்ணீரோ ஏறிக்கொண்டே இருந்தது.

நான் முகையை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். ஏரி எவ்வளவு ஏறியிருக்கிறது, நாங்கள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பார்ப்பதற்காக. முகை கையை நீட்டி, "வாத்!" என்றாள்.

மகி, அதுதான் அவளுடைய முதல் சொல். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. நாம் இருவருமே தோற்றோம்.

வாத்துகள் தெருவில் நீந்திக்கொண்டிருந்தன. சுவர் வரை போய், தலையை உயர்த்தி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தன. நானும் பார்த்தேன். அந்தப் பக்கம் தண்ணீரே இல்லை. ஈரப் புல், சரிவு, வெகு கீழே ஏரி சமர்த்தாகக் கிடந்தது. சுவரின் இந்தப் பக்கம் குளம், அந்தப் பக்கம் புல்வெளி. ஏரி எங்கள் தெருவுக்குள் வரவே இல்லை. எங்கள் தெருத் தண்ணீரைத்தான் ஏரிக்குப் போகவிடாமல் நாங்கள் மூட்டை அடுக்கி அடைத்துக்கொண்டிருந்தோம்.

கத்தினேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. கழுத்தில் விசில் கிடந்தது. எத்தனை ஊதல் என்பதெல்லாம் மறந்துபோய், மூச்சு தீரும் வரை ஊதினேன். விதிமுறையில் அதற்கு அர்த்தமே இல்லை. ஆனாலும் தெருவே கம்போடு ஓடிவந்தது. "எங்கம்மா? எத்தனை பாம்பு?"

"பாம்பு இல்ல சார்! சுவர்! சுவரை உடைக்கணும்!"

"சுவரை உடைச்சா ஏரி உள்ள வந்துடுமேம்மா!"

"ஏரி கீழ இருக்கு சார். நாமதான் மேல இருக்கோம். எட்டிப் பாருங்க!"

எட்டிப் பார்த்தார்கள். சங்கத்தில் மூன்று சிவில் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். கையிலிருந்த மூட்டைகளைக் கீழே போட்டார்கள்.

"சிஸ்டர்," என்றார் ஷாகுல், மிக மெதுவாக. "சரிவு அந்தப் பக்கம்தானே. எனக்கு எப்படி இது..."

உடனே உடைத்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறாய்? அதுதான் இல்லை. பொதுக்குழுத் தீர்மானத்தால் கட்டிய சுவரைப் பொதுக்குழுத் தீர்மானம் இல்லாமல் உடைக்கக்கூடாது என்றார் ஜெகதீசன் சார். முழங்கால் தண்ணீரில் நின்றபடியே பொதுக்குழு கூடியது. வருகையாளர் போதுமா என்று தலைகளை எண்ணினார். "பொறுப்பாளர் முன்மொழிய வேண்டும்" என்று என்னைப் பார்த்தார்.

நான் சுவரைப் பார்த்தேன் மகி. முகையின் உள்ளங்கை பதிந்த சுவர். அது வந்த பிறகுதான் நான் ஒழுங்காகத் தூங்குகிறேன். அதில் ஓட்டை போட்டால் மறுபடியும் தார், புல், சரிவு, தண்ணீர்.

ஹெப்சிபா ஆன்ட்டி பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். அவர் வீட்டு நாற்காலி ஒன்று பின்னாலேயே மிதந்து வந்தது.

"மக்ளே, பிள்ளையப் பாக்க சுவரு மட்டுந்தான் உண்டா? நாங்க இத்தன பேரு இங்க எதுக்கு நிக்கோம், மீன் பிடிக்கவா?"

முன்மொழிந்தேன். "வழிமொழிவது யார்?" என்று கேட்டார் தலைவர். வாத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. "தீர்மானம் நிறைவேறியது!"

ஆனால் ஷாகுல் சொன்னது பொய்யில்லை. அந்தச் சுவர் நூறு வருடம் நிற்கும். கடப்பாரையால் மாற்றி மாற்றி இடித்தார்கள். வங்கி மேலாளரின் கை கொப்புளித்துவிட்டது. ஒவ்வொரு இடிக்கும் ஷாகுல் கண்ணை மூடிக்கொண்டார். வலியா பெருமையா தெரியவில்லை. கடைசியில் அடியில் ஒரு செங்கல் நகர்ந்தது, அப்புறம் இன்னொன்று. தண்ணீர் 'களக்' என்று ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான், தெரு முழுக்க அந்த ஓட்டையை நோக்கி ஓட ஆரம்பித்தது. தண்ணீரோடு முதலில் போனவை வாத்துகள். வரிசையாக.

உள்ளங்கை பதிந்த கல் அப்படியே இருக்கிறது. ஷாகுல் அதைத் தொடவிடவில்லை.

நவம்பர் 4

ஆன்ட்டி வீட்டைக் கழுவிக் கொடுத்தோம். எல்லாம் சேறு. முகையை அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்திருந்தோம், மேற்பார்வைக்கு.

நவம்பர் 9

ஓட்டைக்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டாயிற்று. கம்பி இடைவெளி எவ்வளவு என்று பெரிய விவாதம். கடைசியில் ஷாகுல் முகையையே கூட்டிக்கொண்டு போய்ச் சோதித்தார். கை போகிறது, தலை போகவில்லை. திருப்தி. காலையில் வாத்து போகத் திறப்பு, மாலையில் அவை வரத் திறப்பு, மற்ற நேரம் பூட்டு. தண்ணீர் எந்நேரமும் போகலாம். சாவி பொறுப்பாளரிடம், அதாவது என்னிடம். தினமும் இரண்டு வேளை நான் போய்த் திறக்க வேண்டும். இது தற்காலிக ஏற்பாடுதான், அடுத்து யாராவது வரும் வரை.

மேலே ஆன்ட்டி ஒரு பலகை மாட்டியிருக்கிறார்: 'வாத்துக்கு வழி விடவும்.'

நவம்பர் 15

சில நாட்களாக எழுதவில்லை. வேலை. கொசு மருந்து, கரைச் சுற்று, மூன்றாவது குறுக்குத் தெருவில் ஒரு ஆமை. அது ஏரி ஆமையா, யாராவது வளர்க்கும் ஆமையா என்று குழுவில் இன்னும் முடிவாகவில்லை.

இப்போதெல்லாம் முகை வாசற்படியைத் தாண்டினால் போதும், மூன்று வீட்டிலிருந்து குரல் வருகிறது. "ஏய், எங்க போற?" "பாப்பா, நில்லு!" "நித்திலா, ஒங்க பிள்ள கிளம்பிட்டா!" நேற்று நான் குளித்துக்கொண்டிருந்தேன். இந்தக் குரல் எல்லாம் கேட்டது. கேட்டும் நிதானமாகச் சோப்பு போட்டு முடித்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கே திக்கென்றது.

முகைக்குப் புதுச் செருப்பு வாங்கினேன், நடந்தால் 'கீச்கீச்' என்று சத்தம் வருவது. அதற்குள் ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது.

நவம்பர் 23

கோயமுத்தூர்க்காரர் வந்தார். பெயர் சென்னியப்பன். மனைவியும் வந்திருந்தார். நல்ல மனிதர்கள். நான் நேர்மையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அதைத் தவிர வேறு நோக்கம் எதுவும் எனக்கு இல்லை.

"மழைக்குத் தண்ணி நிக்குங்களா?" என்று கேட்டார்.

"நின்னுதுங்க. முழங்கால் அளவு." கையால் இடுப்பைக் காட்டினேன்.

"அப்படிங்களா? அப்புறம் எப்படிப் போச்சுங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், மூட்டை, பொதுக்குழு, வாத்து. பாம்பு இருக்கிறது என்றேன். தவளை தூங்கவிடாது என்றேன். ஒலிபெருக்கி ஆறு மணிக்கு ஆரம்பிக்கும் என்றேன். ஒரு குறை சொன்னால் நம் தலையிலேயே கட்டிவிடுவார்கள் என்றேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில், "நித்திலா! வாத்து கதவுகிட்ட நிக்கி! சாவி எங்க மக்ளே?" என்று ஆன்ட்டியின் குரல். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தால் சென்னியப்பனின் மனைவி முகையின் பின்னால் குனிந்து நடந்துகொண்டிருக்கிறார், அவர் கண்ணில் தண்ணீர்.

"எங்க ஊர்ல பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்கன்னே தெரியாதுங்க கண்ணு. இப்படி ஒரு சங்கமா! ஏனுங்க, இந்த வீட்டையே முடிச்சுருங்க."

சென்னியப்பன் வெள்ளிக்கிழமை முன்பணத்தோடு வருகிறாராம். போகும்போது என்னிடம், "அந்த விசில் வீட்டோட சேர்த்திங்களா?" என்று வேறு கேட்டார்.

நான் சொன்ன முறையில்தான் ஏதோ தவறு இருந்திருக்கிறது.

நவம்பர் 24

நாளை உன் கப்பல் கரை சேரும் என்று உன் கப்பல் அலுவலகத்தில் சொன்னார்கள். எழுதியது எல்லாவற்றையும் இப்போது அனுப்பிவிடுகிறேன்.

வீட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒப்பந்தப்படி நீதான் சொல்ல வேண்டும். ஆனால் சில நடைமுறைச் சிக்கல்கள் இருக்கின்றன. ஜனவரிப் பொதுக்குழுவில் ஏரிக்கரை அறிக்கையை நான்தான் வாசிக்க வேண்டும். மஞ்சள் கோட்டை எனக்காக இப்போதுதான் மடித்துத் தைத்தார்கள். உள்ளங்கைக் கல்லைச் சுவரோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. ஷாகுலிடம் கேட்டேன், நூறு வருடம் ஆகும் என்கிறார். ஆன்ட்டிக்கு முழங்கால் இன்னும் சரியாகவில்லை. காலையில் அவருக்கு முன்னால் யாராவது போய்க் கதவைத் திறக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எத்தனை மணிக்கு எழுவார்களோ?

முகை இன்னும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள். நீ வரும் அன்றுதான் முதல் அடி எடுத்து வைப்பாள், வாசலிலிருந்து வாத்துக் கதவு வரை. நாங்கள் தினமும் ஒத்திகை பார்க்கிறோம்.

வீடு இருவர் பேரில் இருக்கிறது. நீ விற்க வேண்டாம் என்று சொன்னால், "வீட்டுக்காரர் சம்மதிக்கல, நான் என்ன பண்றது" என்று சென்னியப்பனிடம் நான் சொல்லிவிடுவேன், மிகுந்த வருத்தத்தோடு. அவர் வெள்ளிக்கிழமை வருகிறார். அதற்குள் சீக்கிரம் பதில் போடு.